பேகம்பூர் ரோபோ

ஏழு மணி நேரம், நாற்பது நிமிடம்.

புவனேஸ்வரி நோட்டில் முதலில் எழுதியது அதைத்தான். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயரைக்கூட இன்னும் கேட்கவில்லை.

"இப்ப ஒம்போது இருபது. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கெடு. ஏலே ஆண்டனி, அம்மாவுக்கு டீ சொல்லு."

ஆண்டனிராஜ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கீழே டீக்கடைக்கு ஒரு விரலைக் காட்டினான். பின்னால் புவனேஸ்வரி தொண்டையைச் செருமினார். இன்னும் இரண்டு விரல்களை நீட்டினான்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது 'சரியான நேரம் துப்பறியும் நிலையம்'. புவனேஸ்வரி அதே பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். சித்தையன்கோட்டை வண்டி ஏழு நிமிடம் தாமதமாக வந்தால் டிரைவர் வழியில் பூ வாங்கியிருக்கிறார், பதினொரு நிமிடம் என்றால் பூக்காரப் பெண்ணோடு பேசியும் இருக்கிறார் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறிய வந்தபோது அவர் கொண்டுவந்த கருவிகள் இரண்டு: ஒரு கைக்கடிகாரம், ஓர் அடி ஸ்கேல்.

ஆண்டனிராஜ் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பயணிகளைக் கிண்டல் செய்கிறான் என்று முப்பத்தொரு புகார்கள் வந்து வேலை போனது. இங்கே வாடிக்கையாளர்கள் குறைவு என்பதால் புகார்களும் குறைவு.

"பேரு ஜீனத்தும்மா. பேகம்பூர்" என்றாள் வந்தவள். ஐம்பத்து நான்கு வயதிருக்கும். மடியில் ஒரு தடிமனான காகிதக் கட்டு. "எங்க வீட்டுல ஒரு ரோபோ இருக்குதாம். அதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

ஆண்டனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நாள் நல்லபடியாக ஆரம்பித்திருந்தது.

ஜீனத் சொன்னது இதுதான். அவள் கணவர் சேக் பரீது தோல் வியாபாரி. பதினெட்டு வருடம் தோல் சந்தைகளுக்காக ஊர் ஊராகப் பறந்தவர். எல்லாம் ஒரே கம்பெனி விமானம், ப்ளூஹெரான் ஏர்வேஸ். பறந்த ஒவ்வொரு மைலுக்கும் அவர்கள் கணக்கில் புள்ளிகள் ஏறின. அந்தப் புள்ளிகளைக் கொடுத்தால் காசில்லாமல் சீட்டு எடுக்கலாம். மகள் ஷமா ஜெர்மனியில் இருக்கிறாள். பத்தொன்பது நாளில் அவளுக்குப் பிரசவம். முதல் பிள்ளை.

"விலைக்கு டிக்கெட் எடுக்குற நெலமையில நாங்க இல்லம்மா. பட்டறையை மூடி மூணு வருசமாச்சு. அதைவிட இன்னொண்ணு இருக்கு. எம் மக பொறந்தநாளுக்கு இவுக ஒரு வருசங்கூட வீட்டுல இருந்ததில்ல. எப்பவும் ஏதாச்சும் ஒரு பிளேன்ல இருப்பாக. அந்த மைலெல்லாம் அவளோடது. அதுல ஏறித்தான் நான் அவகிட்டப் போவேன்."

"சரி. ரோபோ எங்க வந்துச்சு?"

ஜீனத் காகிதக் கட்டின் முதல் பக்கத்தைத் தள்ளினாள். ப்ளூஹெரான் அனுப்பிய கடிதம். ஒன்பது நாட்களில் இந்தக் கணக்கிலிருந்து 2,341 முறை இலவசச் சீட்டு தேடப்பட்டிருக்கிறது. இது மனிதர் செய்யக்கூடியதல்ல. வெளியாள் கருவிகளைக் கம்பெனி தடைசெய்துள்ளது. எனவே திங்கட்கிழமை காலை கணக்கு முடக்கப்பட்டது. கணக்குக்கு உரியவர் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தொலைபேசியில் தம் குரலில் விளக்கம் தராவிட்டால் புள்ளிகள் அனைத்தும் ரத்து. கூடவே தேடல்களின் பட்டியல், நாற்பத்தேழு பக்கம்.

"ஹெரான்னா நாரைதானே? நாரைக் கம்பெனிக்காரன் மூக்கை நீட்டித்தான் வச்சிருக்கான்" என்றான் ஆண்டனி. கடிதத்தின் தலையில் உறுப்பினர் விவரம் இருந்தது. அதையும் படித்தான். "பெயர் சேக் பரீது. ஜன்னலோர இருக்கை. உணவு விருப்பம், சைவம். மாற்றப்பட்டது போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு. மேடம், இந்த ரோபோ கத்திரிக்காய் சாப்பிடுற ரோபோ."

ஜீனத் சிரிக்கவில்லை. புவனேஸ்வரியும் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதினார்.

"பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தாம்மா. மறந்துரக்கூடாதுன்னு ஃபிரிட்ஜு கதவுல எழுதி ஒட்டி வச்சிருக்கேன்."

"நல்ல ரகசியம்" என்றான் ஆண்டனி. "பாய் என்ன சொல்றாரு?"

ஜீனத் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவுக மகளோட பேசி ரெண்டரை வருசமாச்சு. பக்ரீத் அன்னைக்கு வீடியோவுல வந்து, அத்தா, நான் இனிமே கறி சாப்பிட மாட்டேன், சைவமாயிட்டேன்னு சொல்லிட்டா. அந்த நேரம் பார்த்து இவுக கையில தொடைக்கறி. தோலை வித்து வளர்த்த புள்ள ஆட்டைப் பார்த்துப் பாவம்னு சொல்லுதான்னு கத்துனாக. கறி வேகாத வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாக. சொன்னா சொன்னதுதான். புள்ளிய நீ எடுத்துக்க, நீ மட்டும் போன்னுட்டாக."

"மாப்பிள்ளை?"

"அவரு வெளிய கடைக்குப் போய்ச் சாப்பிட்டு வாராராம். பாவம்."

"இப்ப பாய் என்ன பண்றாரு, வீட்டுல?"

"ஒண்ணும் பண்றதில்ல. கொஞ்ச நாளா திருந்திட்டாக. விடிகாலை பஜ்ர் தொழுதுட்டு வந்து பின்னாடி தோல் கிடங்குல தஸ்பீஹு மணியோட உக்காந்தா, ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் முழுசா எந்திரிக்கிறாக. பல் வலி வேற. கறியைத் தொடுறதே இல்ல. திங்கக்கிழமை கால்ல எதையோ போட்டுக்கிட்டாக போல, யா அல்லான்னு ஒரு சத்தம். ஓடிப்போய்க் கேட்டா ஒண்ணுமில்லங்குறாக."

டீ வந்தது. புவனேஸ்வரி தன்னுடையதை இரண்டே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"வண்டிய எடுலே."

*

பேகம்பூரில் புள்ளிக்குச் சீட்டு தேடித் தரும் முகமது ரஃபீக்கின் டிராவல்ஸ் கடை வாசலில் இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. நான்கைந்து பேர் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரஃபீக். நாற்பது வயது, நாலு நாள் தாடி.

ஆண்டனி சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "யாரு தவறிட்டாங்க?"

"சீட்டுப்பருந்து" என்றார் ரஃபீக்.

"வயசு?"

"மூணு."

ஆண்டனி மனம் இளகி அவர் தோளில் கை வைத்துவிட்டான். அது ஓர் இணையதளம் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. கையை எடுத்துக்கொண்டான்.

"உங்களுக்கு எப்படிச் சொல்லுவேன் மேடம்" என்றார் ரஃபீக். "ஒரு பிளேன்ல முந்நூறு சீட்டு. அதுல புள்ளிக்குன்னு விடுறது ரெண்டோ மூணோ. எந்த நாள்ல விடுவான், எந்த ஊரு வழியா விடுவான், அவனுக்கே தெரியாது. நம்ம சீட்டுப்பருந்து ஒரு சுத்து சுத்துனா முந்நூறு நாளையும் ஒரே மூச்சுல பார்த்துட்டு வந்து தோள்ல உக்காரும். அப்படி ஒரு அறிவு. பன்னெண்டு நாளைக்கு முந்தி, வெளியாள் கருவி எதுவும் எங்க தளத்துப் பக்கம் வரக்கூடாதுன்னு கம்பெனிக்காரன் கதவைச் சாத்திட்டான். நல்லாப் பாருங்க, நான் அழுகல. தூசி."

"பன்னெண்டு நாளா இந்த நாற்காலி கெடக்கா?"

"வாடகைக்காரன் துஷ்டி வீடுன்னு நெனச்சுக்கிட்டுத் திருப்பிக் கேக்கவே மாட்டேங்குறான்."

புவனேஸ்வரி நேராக விஷயத்துக்கு வந்தார். "சேக் பரீது பாய் கணக்குல பத்து நாளைக்கு முந்தி ஆரம்பிச்சு, ஒம்போது நாள்ல ரெண்டாயிரத்து முந்நூத்து நாப்பத்தோரு தடவை தேடியிருக்கு. உங்க பருந்தா?"

ரஃபீக் நிமிர்ந்தார். துக்கம் போய்க் கோபம் வந்தது. கடைக்குள் அழைத்துப்போய்க் கணினியைத் திறந்தார். திரையில் ஒரே வரி: இந்தச் சேவை நிறுத்தப்பட்டது. தேதி, பன்னிரண்டு நாள் முந்தையது.

"அந்தக் கணக்குல தேடுனது ஆரம்பிச்சது எப்ப? அதுக்கு ரெண்டு நாள் பிந்தி. செத்தது எந்திரிச்சு வந்து தேடுமா? இன்னும் ஒண்ணு சொல்றேன். பருந்தா இருந்தா ஒரு நிமிசத்துல ரெண்டாயிரத்தையும் முடிச்சிருக்கும். ஒம்போது நாள் எடுத்துக்கிட்டா அது பருந்தா? கோழி!"

"அப்ப இனிமே எப்படித் தேடுறது?" என்றார் புவனேஸ்வரி.

"கையாலதான். ஒவ்வொரு நாளா, ஒவ்வொரு ஊரா. இங்க டீ குடிக்க வந்த எல்லார்ட்டயும் அதைத்தான் சொன்னேன். நாப்பது பேர் இருக்கும். ஆனா விடாம, சீராத் தேடுனா கருவின்னு சொல்லிக் கணக்கைப் பூட்டிருவான்."

"மனுசன்னு நம்பணும்னா எப்படித் தேடணுமாம்?" என்றான் ஆண்டனி.

"நடுநடுவுல கொட்டாவி விட்டுத் தேடணும்."

புவனேஸ்வரி வாசல்வரை போய்த் திரும்பினார். "ஒரே ஒரு கேள்வி. ஜெர்மனிக்கு ஒத்தைச் சீட்டு. கையால தேடுனா எத்தனை நாள்ல கெடைக்கும்?"

"ஒத்தையா? ரெண்டு நாள். ரொம்பப் போனா மூணு."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் ஆண்டனி கேட்டான். "மேடம், மூணு நாள்ல கெடைக்கிற சீட்டை ஒம்போது நாள் தேடுன ரோபோ. மக்கு ரோபோ."

"மக்கா, இல்ல பிடிவாதமான்னு செத்த நேரத்துல தெரியும்."

*

பள்ளிவாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் நாற்பத்தேழு பக்கங்களும் விரிந்தன. மணி பத்தே முக்கால். காற்றில் பறக்காமல் இருக்க ஆண்டனி பக்கத்துக்கு ஒரு பன்னை வைத்தான். கடைக்காரர் கணக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

பட்டியலில் ஐந்து பத்திகள். தேதி, நேரம், புறப்படும் ஊர், சேரும் ஊர், கடைசியாக ஓர் எண். அந்தக் கடைசிப் பத்தியை புவனேஸ்வரி ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு அடி ஸ்கேலை அதன்மேல் வைத்து மறைத்துவிட்டார். ஏன் என்று கேட்க ஆண்டனிக்குத் தோன்றவில்லை. அவன் பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேரத்தை மட்டும் வாசி."

"அஞ்சு நாப்பத்திரெண்டு. அஞ்சு நாப்பத்தஞ்சு. அஞ்சு நாப்பத்தெட்டு. மேடம், மூணு நிமிசத்துக்கு ஒண்ணு, கடிகாரம் மாதிரி. மனுசன் இப்படி ஒண்ணுக்குக்கூடப் போக மாட்டான். ரோபோதான்."

"மதியத்துக்கு வா."

"பன்னெண்டு இருவது, அதுக்கப்புறம் ஒண்ணு முப்பத்தெட்டு." நிறுத்தினான். "இங்க ஒரு ஓட்டை."

"ஓட்டை இல்லலே, ஸ்டாப்பிங். அடுத்தது?"

"நாலரைக்கு ஒண்ணு. ஆறு மணிக்கு மேல ஒண்ணு. ஏழரைக்கு ஒண்ணு." விரலைப் பக்கம் பக்கமாக ஓட்டினான். ஒவ்வொரு நாளும் அதே நிறுத்தங்கள். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம். எதிரே பள்ளிவாசல் மினாராவைப் பார்த்தான். "மேடம். ரோபோ தொழுகுது. ஜும்ஆவுக்கும் போகுது."

"மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வாசி."

"ஒண்ணு முப்பத்தெட்டு. ஒண்ணு நாப்பத்திரெண்டு. ஒண்ணு நாப்பத்தேழு. அஞ்சு நிமிசமாயிருச்சு. தூக்கம் வருதா?"

"கொட்டாவி விட்டுத்தான் தேடியிருக்கு. நாரைக் கம்பெனிக்கு அதைப் பார்க்கத் தெரியல." புவனேஸ்வரி எழுந்தார். "மனுசந்தான். ஆனா மூணு நிமிசத்துக்கு ஒருக்கா, அச்சுப் பிசகாம. கையில கடிகாரம் பார்த்துச் செய்யல. பார்த்திருந்தா மத்தியானமும் மூணுதான் வரும். வேற எதையோ எண்ணுறான். எண்ணி முடிச்சதும் ஒரு தேடல். தூக்கம் வந்தா எண்ணுறது மெதுவாகுது."

பக்கத்தில் ஓர் அத்தர் கடை. தொப்பி, மிஸ்வாக் பல்குச்சி, மணிமாலைகள். கடைக்காரர் அப்துல் ஹாதி நெற்றியில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இருவரையும் பார்த்தார்.

"பாய், நூறு மணி தஸ்பீஹ் ஒரு சுத்து ஓத எம்புட்டு நேரமாகும்?"

"யாரும் நேரம் பார்த்து ஓதுறதில்லயேம்மா."

"இன்னைக்கு ஒருக்கா ஓதுங்க. நான் பார்த்துக்கிறேன்."

அவர் கண்ணை மூடி ஓதினார். விரல்கள் மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளின. புவனேஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தபடி, சித்தையன்கோட்டை வண்டியை எதிர்பார்ப்பவரைப் போல் நின்றார். ஹாதி கண்ணைத் திறந்தபோது இரண்டு நிமிடம் முப்பத்தைந்து விநாடி.

"தட்டச்சு அடிக்க இருபத்தஞ்சு செகண்ட்" என்றார் புவனேஸ்வரி. "மூணு."

ஆண்டனி வாயைத் திறந்தான். ஒரு கிண்டலும் வரவில்லை. கண்டக்டர் வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை.

*

ஜீனத் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு நாற்பது. ஆண்டனி போகும் வழியிலேயே ப்ளூஹெரானின் எண்ணுக்கு அடித்திருந்தான். புல்லாங்குழல் இசை வந்தது. நடுவில் ஒரு பெண் குரல்: "வரிசையில் நீங்கள் நூற்றுப் பதினான்காவது இடத்தில் இருக்கிறீர்கள். மகிழ்ச்சியோடு காத்திருக்கவும்."

"மகிழ்ச்சியோடத்தான் இருக்கோம்" என்று போனிடம் சொல்லி, ஒலிபெருக்கியைப் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். கதவில் பாஸ்வேர்டு பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

சாப்பிடாமல் பேசக் கூடாது என்று ஜீனத் பாயை விரித்துவிட்டாள். கறிக்குழம்பு. லுஹர் தொழுகை முடித்துவிட்டு சேக் பரீதும் வந்தார். உயரமான மனிதர், வெள்ளைக் கைலி, சட்டைப் பையில் மணிமாலையின் குஞ்சம் வெளியே தொங்கியது. யார் இவர்கள் என்று கேட்டார். தெரிந்தவர்கள் என்றாள் ஜீனத். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ஆண்டனி குழம்பில் மூழ்கினான். சேக் பரீது ரசம் ஊற்றிக்கொண்டார். வெஞ்சனத்துக்குக் கொத்தவரங்காய். அதைப் பகைவனின் கையைக் குலுக்குவதுபோல எடுத்து வாயில் போட்டார்.

"பல் வலி எப்படி இருக்கு பாய்?" என்றார் புவனேஸ்வரி.

"இருக்கு."

சொல்லிவிட்டுத் தட்டிலிருந்து ஒரு முறுகலான தட்டையை எடுத்துக் கடித்தார். சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஃபிரிட்ஜ் மேல், "நீங்கள் எழுபத்தெட்டாவது இடத்தில்" என்றது குரல்.

புவனேஸ்வரி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமை காலையில கிடங்குல கத்துனீங்களாம். மணி எத்தனை?"

ஜீனத் சொன்னாள். "பதினொண்ணு இருக்காதும்மா. பத்தே முக்காலுக்கு மேல."

"பத்து அம்பத்திரெண்டு. இந்தப் பட்டியல்ல கடைசித் தேடல் அதான். அதோட கணக்கைப் பூட்டிட்டாங்க." புவனேஸ்வரி காகிதக் கட்டைத் தட்டினார். "பாய், உங்க வீட்டு ரோபோ அஞ்சு நேரமும் தொழுகுது. நூறு மணி ஓதிட்டு ஒருக்காத் தேடுது. மத்தியானம் கண் அசருது. கிடங்குல பழைய கணினி ஏதாச்சும் இன்னும் ஓடுதா?"

சேக் பரீது கையிலிருந்த மிச்சத் தட்டையைக் கீழே வைத்தார்.

ஜீனத் கணவரைப் பார்த்தாள். முதலில் வியப்பு. பிறகு அது மெல்ல வேறொன்றாக மாறியது. ஆண்டனிக்குச் சோற்றைக் கீழே வைத்துவிடலாம்போல இருந்தது.

"நீங்களா?" என்றாள். "ரஃபீக் கடைக்குத் துக்கத்துக்கு நீங்களும் போய் உக்காந்திருந்தீங்க. சீராத் தேடுனா கணக்கைப் பூட்டிருவான்னு அவன் சொன்னது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தேடுனீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"நான் போகக் கூடாதுன்னு. அதுக்குத்தானே? நீ மட்டும் போன்னு வாயால சொல்லிட்டு, அல்லாவோட பேரையும் ஓதிக்கிட்டே எம் புள்ளையோட மைலை அழிச்சிட்டீங்களா?"

"ஜீனத்..."

"சொல்லுங்க. இல்லன்னு சொல்லுங்க."

அவர் எழுந்து பின்பக்கம் போனார். கிடங்குக் கதவு சாத்தும் சத்தம் வந்தது.

ஆண்டனி புவனேஸ்வரியின் காதருகே போனான். "மேடம், கேஸ் முடிஞ்சது. ஆனா நாம எந்தப் பக்கம் ஜெயிச்சோம்?"

"இன்னும் முடியல. கடைசிப் பத்தி பாக்கி இருக்கு."

"அதுல என்ன இருக்கு?"

ஸ்கேல் அந்தப் பத்தியின் மேலேயே இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். "அதை நான் சொல்லக் கூடாதுலே. நான் சொன்னா வெறும் துப்பு. அவரு சொல்லணும்."

"அவரு சொல்ற ஆளாத் தெரியல."

"சொன்னா சொன்னதுன்னு ரெண்டரை வருசம் இருக்குற மனுசன். இம்புட்டுத் தேடுனவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வரல பாரு."

*

மணி மூன்றரைக்கு இருபத்தொன்பதாவது இடம். நாலேகாலுக்குப் பதினொன்று. ஜீனத் சமையலறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மகளுக்காகப் பொடித்து வைத்திருந்த பிரசவ மருந்துப் பொட்டலங்களைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கூடவே பஞ்சு, சிறு சட்டைகள், ஒரு சுக்குப் பொட்டலம்.

நாலு முப்பத்தைந்துக்கு, "நீங்கள் மூன்றாவது இடத்தில்" என்றது குரல். ஆண்டனி கிடங்குக்கு ஓடினான். ஆள் இல்லை. பழைய கணினியின் திரையில் சிவப்பாக ஒரு பூட்டுப் படம் மட்டும்.

"அஸர் தொழுகைக்குப் போயிருப்பாக" என்றாள் ஜீனத், திரும்பிப் பார்க்காமலே.

ஆண்டனி ஸ்கூட்டரை உதைத்தான். பள்ளிவாசல் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றான். உள்ளே கடைசி வரிசையில் சேக் பரீது குனிந்து நிமிர்ந்தார். ஆண்டனிக்குத் தெரிந்த எல்லா ஜெபங்களையும் அவன் வாசலில் நின்றே சொன்னான். பேகம்பூர்ப் பள்ளிவாசல் வாசலில் ஒருவன் மாதாவைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

நாலு நாற்பத்தொன்பதுக்கு அவர் வெளியே வந்தார்.

"பாய், ஏறுங்க. ஒம்போது நாள் மூணு நிமிசத்துக்கு ஒண்ணு தவறாமப் போன வண்டி நீங்க. இன்னைக்கு லேட்டாகலாமா?"

அவர் ஏறினார். ஏன் ஏறினார் என்று ஆண்டனிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது புல்லாங்குழல் நின்றது. நாலு ஐம்பத்து மூன்று.

"ப்ளூஹெரான் ஏர்வேஸுக்கு நல்வரவு. உங்கள் அழைப்பை எங்கள் தானியங்கி உதவியாளர் கையாளும். நீங்கள் மனிதர் என்றால் ஒன்றை அழுத்தவும். கருவி என்றால் இரண்டை அழுத்தவும்."

"மனுசனா இல்லையான்னு விசாரிக்கிறதே ஒரு மெசினா?" என்றான் ஆண்டனி. "ரெண்டை அழுத்துற கருவி இருந்தா அதை நாட்டுக்கே தலைவராக்கலாம்."

புவனேஸ்வரி ஒன்றை அழுத்தினார். உறுப்பினர் எண்ணை அழுத்தினார். போனைக் கூடத்தின் நடுவில், பாய் மேல் வைத்தார்.

"பீப் ஒலிக்குப் பிறகு, இந்தக் கணக்கில் தேடியது யார், எதற்காக என்று கணக்குக்கு உரியவர் தம் குரலில் சொல்லவும். உங்களுக்கு முப்பது விநாடிகள். ஒரு முறை மட்டுமே பதிவு செய்யப்படும்."

பீப்.

சேக் பரீது போனைப் பார்த்தார். சமையலறை வாசலில் ஜீனத் வந்து நின்றாள். கையில் ஒரு சிறிய சட்டை இருந்தது. அவள் முகம் சுவரையே பார்த்தது.

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. மணிமாலையைத் தொட்டது. விட்டது.

"பத்து செகண்ட் போச்சு பாய்" என்றார் புவனேஸ்வரி. அவர் கண் கடிகாரத்தைவிட்டு அகலவில்லை.

ஆண்டனி போனை அவர் பக்கம் நகர்த்தினான்.

"நான் சேக் பரீது" என்றார் அவர். "மெசின் இல்ல. மனுசன். நாந்தான் தேடுனேன்."

நிறுத்தினார். ஜீனத்தின் விரல்கள் அந்தச் சட்டையைக் கசக்கின.

"பதினெட்டு" என்றார் புவனேஸ்வரி.

"கணக்கைப் பூட்டுறதுக்காகத் தேடல. ஒத்தைச் சீட்டு மூணாம் நாளே கெடைச்சுச்சு. நான் எடுக்கல." அவர் இப்போது போனைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலைப் பார்த்தார். "கடைசித் தேடல்ல சேர்ந்தாப்புல ரெண்டு வந்துச்சு, அமுக்குறதுக்குள்ள பூட்டிட்டீங்க. எல்லாத் தேடலும் ரெண்டு சீட்டுக்குத்தான்யா. நானும் போறேன். எம் மக சாம்பார் வச்சாலும் சாப்பிட்டுக்கிறேன்."